கதவு திறந்தது, பந்தி நிரந்ததா?

(நாஞ்சில் நாட்டுத் தமிழாசிரியர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்துவடிவம்)



புறநானூற்றில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய பாட்டொன்று கல்வியைப் பற்றியது. அதன் கருத்தைத் தமிழாசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் மாணாக்கர்க்கு எடுத்துரைக்கின்றனர். ஆயினும் அதன் கூர்மையை முழுதும் உணர்ந்தோர் சிலரே. கீழ்ப்பாலில் பிறந்தவனும் கற்கலாம் என்பதோடு அம்மன்னன் நின்றுவிடவில்லை. அவன் கற்றானாயின், மேற்பாலில் பிறந்தவனும் அவனிடம் சென்று கற்பான் என்றான். அஃதாவது, கல்வியில் வேற்றுமை ஒழிந்தமைக்கு அடையாளம், ஒதுக்கப்பட்டவன் மாணாக்கனாக வகுப்பினுள் நுழைவது மட்டுமன்று. அவன் ஆசானாக முன்னின்று நடத்துவதும் ஆகும்.

இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு நாஞ்சில் நாட்டின் பள்ளி வரலாற்றை அளந்து பார்த்தல் வேண்டும். அளக்குங்கால் மூன்று வினாக்கள் எழும். பள்ளிக்குள் நுழைந்தவர் யார்? நுழைந்தவர் எங்கே அமர்த்தப்பட்டனர்? அப்பள்ளியைத் தலைமைதாங்கி நடத்தியவர் எப்பக்கம் நின்றனர்? முதல் வினாவிற்கு விடை காண நூறாண்டு சென்றது. இரண்டாம் வினாவிற்கு மேலும் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது. மூன்றாம் வினாவோ இன்றும் நம் முன் நிற்கின்றது.

ஆசான் வாயில்காத்த காலம்

தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களும் அடங்கியதே நாஞ்சில் நாடு. நெல்விளையும் நிலமும், ஏரியும் குளமும், கோயிலும் மடமும் நிறைந்த இந்நாட்டில் கல்விக்குக் குறைவிருந்ததில்லை. திண்ணைப் பள்ளிகளில் ஆசான்மார் எண்ணும் எழுத்தும் கற்பித்தனர். ஆனால், அத்திண்ணை யாருடைய வீட்டுத் திண்ணை? அஃது எத்தெருவில் இருந்தது? தெருவிலேயே நடக்கவொண்ணாதவன் திண்ணையில் எங்ஙனம் ஏறுவான்? அக்கால ஆசான் கல்வியின் தலைவன் மட்டுமல்லன். அதன் வாயில்காவலனும் அவனே. ஊர் வரைந்த கோட்டை அவன் காத்தான். அக்கோட்டைத் தாண்ட அவன் எண்ணியதுமில்லை.

1817-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசி கவுரி பார்வதி பாய், நாட்டுமக்களின் கல்விச் செலவை அரசே ஏற்றல் வேண்டுமென ஆணை பிறப்பித்தார். இந்திய நிலப்பரப்பில் அஃதொரு முன்னோடி ஆணை என்பதில் ஐயமில்லை. எனினும், புலையரும் சாம்பவரும் அவ்வாணையின் நிழலில் ஒதுங்க இயலவில்லை. நாடாரும் ஈழவரும்கூட அந்நூற்றாண்டின் பெரும்பகுதியை அரசுப் பள்ளியின் வெளியிலேயே கழித்தனர். ஆணை என்பது தாளில் எழுதப்படுவது; பள்ளி என்பது ஊரில் நடப்பது. இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே அன்றைய நாஞ்சில் நாட்டின் குமுகாய நிலை.

வேலிக்கு வெளியே எழுந்த பள்ளி

இந்நிலையில் கல்வித் தலைமையின் இரண்டாம் வடிவம் வேலிக்கு வெளியே தோன்றிற்று. மயிலாடியைச் சேர்ந்த சாம்பவர் குடியினரான மகாராசன் வேதமாணிக்கம் அழைக்க, இலண்டன் அருட்பணிக் கழகத்தைச் சேர்ந்த செருமானியர் இரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூர் வந்தார். மயிலாடியில் வழிபாட்டு இல்லமும் பள்ளியும் எழுந்தன. இங்கே ஒன்றை மறத்தல் கூடாது. வந்தவர் வெளிநாட்டார், அழைத்தவரோ இம்மண்ணின் மைந்தர். வேதமாணிக்கம் அழைத்திராவிடின் இரிங்கல்தௌபே மயிலாடியை அறிந்திரார். நாஞ்சில் நாட்டுக் கல்வி விடுதலையின் முதல் தலைவரைத் தேடுவோர் அச்சாம்பவப் பெரியவரிடமிருந்தே தொடங்குதல் வேண்டும்.

பின்னர் 1818-இல் சார்லசு மீடு நாகர்கோயில் வந்தார். அடுத்த ஆண்டில் தொடங்கிய கல்விக்கூடமே வளர்ந்து, 1893-இல் இசுக்காட்டுக் கிறித்தவக் கல்லூரியாகக் கல்லூரி நிலையை எய்திற்று. அதே 1819-இல் மார்த்தா மால்ட்டு அம்மையார் பெண்களுக்கெனப் பள்ளி தொடங்கினார். அங்கே எழுத்துடன் பின்னல்வேலையும் பயிற்றப்பட்டது. அடிமைக் குடியிற் பிறந்த பெண்கள் சிலர் அப்பின்னல்வேலையில் ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர் என்பது வரலாறு. திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல்தான் ஆணையால் ஒழிந்தது என்பதை நினைவிற்கொண்டால், அப்பள்ளியின் பெருமை விளங்கும்.

இங்ஙனம் படித்த பெண்கள் மார்பை மறைத்து ஆடை உடுத்தவே, மேலாடைக் கலகம் மூண்டது. 1822-இல் தொடங்கி 1859-இல் அரசாணை வரும்வரை அலையலையாக எழுந்த அக்கலகத்தில் பள்ளிக்கூடங்களும் தீக்கிரையாயின. சினம் ஆடையின்மேல் என்றால், பள்ளியைக் கொளுத்துவானேன்? ஆடைக்கு வேர் பள்ளியில் இருப்பதைக் கொளுத்தியோர் நன்கறிந்திருந்தனர். ஆகவே, அக்காலப் பள்ளித் தலைவர் கற்பிப்பவராக மட்டும் இருக்க இயலவில்லை. எரிந்த கூரையை மீண்டும் வேய்பவராகவும், வழக்காடுபவராகவும், பெற்றோர்க்குத் துணிவூட்டுபவராகவும் அவர் இருந்தார்.

ஆயினும் வேலிக்கு வெளியே எழுந்த பள்ளியிலும் சாதி முற்றும் ஒழிந்துவிடவில்லை. கிறித்தவம் தழுவியோரிடையிலும் குடிவேற்றுமை நின்று நிலவிற்று. 1852-இல் மீடு சாம்பவர் குடியிற் பிறந்த பெண்ணொருவரை மணந்தபோது, உடன் ஊழியம் செய்த வெள்ளையரே அதனை எதிர்த்தனர். அவர் அக்கழகத்தைவிட்டு விலக நேர்ந்தது. பிற்றை ஆண்டுகளில் அவரே திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளின் கண்காணிப்பாளரானார். தன் வீட்டில் கோட்டை அழித்தவனே நாட்டுப் பள்ளியின் கோட்டையும் அழிக்கத் தகுதியுடையவன் என்பதற்கு அவர் வாழ்வு ஓர் எடுத்துக்காட்டு.

ஆணைக்கும் விசிப்பலகைக்கும் இடையே

1896-இல் 13,176 ஈழவர் கையொப்பமிட்டு, அரசுப் பணியும் அரசுப் பள்ளியும் தமக்குத் திறக்கப்படல் வேண்டுமென மன்னருக்கு விண்ணப்பம் விடுத்தனர். புலையர் குடியிற் பிறந்து, எழுதப்படிக்க அறியாதவராயிருந்த அய்யன்காளி 1907-இல் ஏழைமக்கள் காப்புக் கழகமான சாதுசன பரிபாலன சங்கத்தை நிறுவினார். தம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடின் வயலில் இறங்கோம் என்று உழவுத்தொழிலாளர் ஏரைவிட்டு விலகினர். கூலி கேட்டுப் பணிநிறுத்தம் செய்தோர் உலகெங்கும் உளர். எழுத்துக் கேட்டுப் பணிநிறுத்தம் செய்தோர் இவரே.

ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைச் சேர்க்க 1907-இலும் மீண்டும் 1910-இலும் ஆணை பிறந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு ஆணைகள் ஏன்? முதல் ஆணையைப் பள்ளித் தலைவர்கள் மறைத்துவைத்தனர், மதிக்கவில்லை. மேலிடத்தில் கல்வித்துறை இயக்குநராக இருந்த மிச்செல் என்னும் ஆங்கிலேயர் ஆணைக்குத் துணைநின்றார். கீழே பள்ளி வாயிலில் நின்ற தலைமையாசிரியரோ ஊராரின் முகத்தைப் பார்த்தார்.

நெய்யாற்றின்கரைப் பகுதியில், குமரி எல்லைக்கு அண்மையிலுள்ள ஊரூட்டம்பலத்துப் பள்ளிக்குப் பஞ்சமி என்னும் புலையச் சிறுமியின் கைபிடித்து அய்யன்காளி சென்றார். அஃது 1910-களில் நிகழ்ந்தது. சிறுமி விசிப்பலகையில் அமர்ந்தாள், பள்ளி எரிந்தது. எரிந்து எஞ்சிய விசிப்பலகை இன்றும் அப்பள்ளியில் காக்கப்படுகின்றது. 2022-இல் அப்பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி ஆகிய இருவர் பெயரும் சூட்டப்பெற்றது. ஒரு குழந்தை பலகையில் அமர்ந்ததைப் பொறாது பள்ளியையே எரித்தனர் எனின், அவர்கள் கல்வியை விரும்பியவரல்லர். கல்வியின்மேல் தமக்கிருந்த தனியுரிமையையே விரும்பியவர் என்பது தெற்றென விளங்குகின்றதன்றோ?

சேரன்மாதேவி தரும் பாடம்

இதுகாறும் கூறியது அயலாட்சியின்கீழும் மன்னராட்சியின்கீழும் நடந்தவை. தமிழுணர்வும் நாட்டுப்பற்றும் மிக்க தலைவர் நடத்திய பள்ளி எங்ஙனம் இருந்தது? அதனையும் மறையாது கூறுதல் கடன்.

திருக்குறளை முழுமையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் வ.வே.சு. ஐயர். தமிழில் சிறுகதைக்கு வழிவகுத்தவர். விடுதலைப் போரில் தம்மையே ஈந்தவர். நாஞ்சில் நாட்டிற்கு வடக்கே, பொருநைக் கரையிலுள்ள சேரன்மாதேவியில் அவர் குருகுலம் நடத்தினார். நாட்டுத் தொண்டர்களை உருவாக்கவே அது தோன்றிற்று. தமிழ்நாட்டுக் காங்கிரசு பத்தாயிரம் உருவா தருவதாக ஒப்பி, ஐயாயிரம் தந்தது. அத்தகைய பள்ளியில் பார்ப்பனச் சிறுவர் இருவர்க்குத் தனிப்பந்தி போடப்பட்டது. பெற்றோர் விருப்பம் என்று காரணம் கூறப்பட்டது. வரதராசலு நாயுடு அதனை வெளிக்கொணர்ந்தார். அன்று காங்கிரசுச் செயலாளராயிருந்த பெரியார் கடுமையாக எதிர்த்தார். 1925-இல் தமிழகமே அவ்விருவர் பந்தியைப் பற்றிப் பேசிற்று. அவ்வாண்டு சூன் 3-ஆம் நாள் ஐயர் பாவநாசத்து அருவியில், நீரில் வீழ்ந்த தம் மகளைக் காக்க முயன்று உயிர்நீத்தார்.

ஐயரை இழித்துரைப்பது இங்கு நோக்கமன்று. அவர் சாதிவெறியர் அல்லர். அதனாலேயே இந்நிகழ்ச்சி நமக்குப் பெரும்பாடமாகின்றது. நல்லவரான தலைவர், தாம் நம்பாத ஒரு வேற்றுமைக்கு, யாரோ இருவர் மனம் நோகும் என்றெண்ணி இடங்கொடுத்தார். அவ்விடங்கொடை பள்ளியையே வீழ்த்திற்று. பள்ளித் தலைவனின் நெஞ்சில் வேற்றுமை இல்லாதிருந்தால் போதாது. அவன் அடுக்களையிலும் இருத்தல் ஆகாது.

நாஞ்சில் நாட்டுப் பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்த சீவானந்தம் இளமையில் அக்குருகுலத்திற்குச் சென்று, தனிப்பந்தியைப் பொறாது வெளியேறினார். பின்னர்ச் செட்டிநாட்டுச் சிராவயலில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளும் ஒருங்கு கற்ற பள்ளியில் பணியாற்றினார். 1927-இல் காந்தியடிகள் அங்கு வந்து அவரைக் கண்டார். இவரே மறைமலையடிகளின் தூய தமிழ்க் கொள்கையில் ஈடுபட்டு, உயிரின்பன் எனத் தம் பெயரை மாற்றிக்கொண்டவர். பெயரைத் தூய்மை செய்தவர் பந்தியையும் தூய்மை செய்தார். இவ்விரண்டும் ஒன்றன்றி வேறன்று. சொல்லில் அயற்கலப்பை நீக்கிவிட்டு, வாழ்வில் சாதிக் கறையை வைத்துக்கொள்பவன் தமிழ்த்தொண்டனாகான்.

மொழியால் ஒதுக்கப்பட்டோர்

நாஞ்சில் நாட்டிற்கு மற்றொரு துயரும் இருந்தது. தேரூரில் 1876-இல் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை சிறுவனாய்ப் பள்ளி சென்றபோது, அங்குக் கற்பிக்கப்பட்டது மலையாளம். தமிழை அவர் மடத்துத் துறவியான சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்றார். தமிழ்ப் பாவலன் தமிழூரில் பிறந்தும், தமிழைப் பள்ளிக்கு வெளியே தேட வேண்டியிருந்தது. தீண்டாமை குடியால் மட்டும் வருவதன்று, மொழியாலும் வரும்.

1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர்க் கோயில்கள் எல்லார்க்கும் திறந்தன. ஆனால், தமிழர்க்கு ஆட்சியின் கதவு திறக்கவில்லை. 1954 ஆகத்து 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது; தமிழர் பலர் உயிரீந்தனர். மார்சல் நேசமணி முதலியோர் நடத்திய போராட்டத்தின் பயனாய் 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன.

அதே 1954-இல், மே 17-ஆம் நாள், அமெரிக்க உச்ச நயன்மன்றம் வெள்ளையர்க்கும் கருப்பர்க்கும் தனித்தனிப் பள்ளி நடத்துதல் முறையன்று எனத் தீர்ப்பளித்தது. 1957-இல் இலிட்டில் இராக்கு நகரில் ஒன்பது கருப்பின மாணாக்கர் பள்ளியினுள் நுழையப் படை துணைசெல்ல வேண்டியிருந்தது. வெர்சீனிய மாநிலத்துப் பிரின்சு எட்வர்டு கோட்டத்தாரோ, சேர்ந்து கற்பதினும் கல்லாமையே மேலெனக் கருதியவர்போல், 1959 முதல் 1964 வரை பொதுப்பள்ளிகளையே மூடிவைத்தனர். ஊரூட்டம்பலத்துத் தீயும் வெர்சீனியப் பூட்டும் உடன்பிறந்தவை. அங்கு நேர்ந்த மற்றொரு கேட்டையும் அறிதல் நன்று. பள்ளிகள் இணைந்தபோது, கருப்பினப் பள்ளிகளைத் திறம்பட நடத்திவந்த கருப்பினத் தலைமையாசிரியர் பலர் பதவியிழந்தனர். மாணாக்கர் உள்ளே வந்தனர். அவர்தம் தலைவர் வெளியே தள்ளப்பட்டனர். நெடுஞ்செழியனின் அளவுகோலால் அளந்தால், அது முழு வெற்றியாகாது.

சோறிட்ட தலைமை

தமிழகத்தோடு இணைந்தபின் குமரிமாவட்டத் தலைமையாசிரியரின் பணி மாறிற்று. காமராசர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு, 1956 முதல் நண்பகலுணவுத் திட்டம் பரவிற்று. 1960-இல் சீருடை வந்தது. வாயிலில் நின்று ஆளைப் பிரித்த பதவி, வீடுவீடாய்ச் சென்று ஆளைச் சேர்க்கும் பதவியாயிற்று. ஊரில் அரிசியும் பருப்பும் திரட்டி, எல்லாக் குழந்தையையும் ஒரே வரிசையில் அமர்த்திச் சோறிடுவதும் தலைமையாசிரியர் கடமையாயிற்று. சேரன்மாதேவியில் தோற்ற பந்தி, முப்பதாண்டு கழித்துத் தமிழகத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் வென்றது. அக்காமராசரையே 1969-இல் நாகர்கோயில் மக்கள் நாடாளுமன்றத்திற்கு அனுப்பினர். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழகத்தில் எழுத்தறிவு மிக்க மாவட்டம் குமரியே, நூற்றுக்கு 91.75 பேர். மயிலாடியில் ஊன்றிய வித்து வீண்போகவில்லை.

ஆயினும் மகிழ்ந்து அமர்தற்கில்லை. 2022-இல் தமிழக அரசு தொடங்கிய காலையுணவுத் திட்டத்தில், ஒடுக்கப்பட்ட குடிப்பெண் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாதென மறுநாண்டில் சில ஊர்ப் பெற்றோர் தடுத்தனர். 2023 ஆகத்தில், நாஞ்சில் நாட்டின் எல்லைக்கு அப்பாலுள்ள நாங்குநேரியில், ஒடுக்கப்பட்ட குடி மாணவன் ஒருவனை உடன்பயின்றோரே வீடுபுகுந்து வெட்டினர். கையில் புத்தகம் ஏந்தியவன் அரிவாள் ஏந்தினான். அதன்பின் அமைந்த நயனாளர் சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயர்களில் சாதிப்பெயரை நீக்குக. சாதி காட்டும் கைக்கயிற்றைத் தடுக்க. மாணாக்கரை அகரவரிசையில் அமர்த்துக. ஓரிடத்தில் மிக்கிருக்கும் சாதியாரையே அவ்விடத்துத் தலைமையாசிரியராக அமர்த்தற்க. அவரைக் குறித்த கால இடைவெளியில் இடமாற்றுக என்பன அதன் பரிந்துரைகளிற் சில. இருநூறாண்டுக்குப் பின்னும் ‘தலைவர் யார்? மாணாக்கர் எங்கே அமர்வர்?’ என்னும் பழைய வினாக்களே எழுந்து நிற்கின்றன.

இனிச் செய்யத்தக்கவை

பிரிவினை இன்று புதிய உடையும் உடுத்துள்ளது. பொருளுடையோர் பிள்ளைகள் ஆங்கிலவழித் தனியார் பள்ளிக்கும், பொருளிலார் பிள்ளைகள் தமிழ்வழி அரசுப் பள்ளிக்கும் எனப் பிரிந்து செல்கின்றனர். பெயர்ப்பலகையில் சாதி எழுதப்படவில்லை, கட்டணச்சீட்டில் எழுதப்பட்டுள்ளது. ஊரின் எல்லாக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் தாய்மொழியில் கற்கும் அண்மைப்பள்ளி முறையே இதற்கு மருந்து. தமிழ்வழிப் பள்ளியைக் காத்தல் மொழிப்பணி மட்டுமன்று, சமன்மைப் பணியுமாகும். அன்பர்களே, மேடையில் தமிழ்வழியைப் போற்றிவிட்டுத் தம் மக்களை ஆங்கிலவழியில் விடுத்தல் அப்பணிக்குப் பொருந்துமா என எண்ணிப் பார்மின்!

விளவங்கோட்டுப் பக்கத்தில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் உளர். 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படித் தமிழகப் பள்ளிகளில் தமிழ் கட்டாயப் பாடமாயிற்று, அது வேண்டுவதே. எனினும், கவிமணிக்குத் தேரூரில் நேர்ந்தது வேறொரு குழந்தைக்கு விளவங்கோட்டில் நேர்தல் கூடாது. அக்குழந்தை தன் மொழியையும் இழவாது, தமிழையும் அன்போடு கற்கும் வழியைத் தலைமையாசிரியரே வகுத்தல் வேண்டும். ஒடுக்கப்பட்டவன் விடுதலையடைந்தபின் ஒடுக்குபவனாக மாறுதல் தமிழறமன்று.

ஆசிரியப் பெருமக்களே! பள்ளித் தலைமை என்பது பதிவேட்டில் கையொப்பமிடுவதோடு முடிவதன்று. வகுப்பிற்குள் செல்க, யார் எங்கே அமர்கின்றனர் எனக் காண்க. பந்தியில் மாணாக்கரோடு அமர்ந்து, அச்சோற்றையே உண்க. கையிற் கட்டிய நிறக்கயிற்றைக் கண்டும் காணாதார்போல் செல்லற்க. அம்மாணவனை அருகழைத்து, அதன் பொருளைக் கேட்க. ஊர்ப்பெரியவர் ஒருவர் வந்து, “இச்சிறு வேற்றுமையால் என்ன கேடு?” என்பாராயின், சேரன்மாதேவியின் கதையை அவர்க்குச் சொல்க. ஒடுக்கப்பட்ட குடியிலிருந்து தலைமையாசிரியராக வருவாரை ஊரே எழுந்து வரவேற்குமாறு செய்க.

வேதமாணிக்கம் கதவைத் தட்டினார். அய்யன்காளி அதனைத் திறந்தார். சீவானந்தம் பந்தியை நிரத்த முனைந்தார். அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது இன்றைய ஆசிரியர் கடன். நாஞ்சில் என்றால் கலப்பை. மேடும் பள்ளமுமாய்க் கிடக்கும் நிலத்தைக் கீறிச் சமன்செய்வதே கலப்பையின் தொழில். அப்பெயர் தாங்கிய நாட்டின் பள்ளிகள், அப்பெயருக்கு ஏற்ப உழுக!

வாழ்க தமிழ்! வெல்க சமன்மை!